பழைய எஸ்டீமுக்கு எந்த இஞ்சின்? ரீபோர், செகண்ட் ஹேண்ட், வேறு இஞ்சின்: ஓர் ஒப்பீடு

ஒரு மாருதி எஸ்டீம் நீலப் புகை விட ஆரம்பித்துவிட்டால் அதன் சொந்தக்காரருக்கு ஆலோசனைக்குப் பஞ்சமே இருக்காது. ஒர்க்‌ஷாப்பில் ஒருவர் "ரிங் மாத்திட்டா போதும்ணா" என்பார். பக்கத்திலேயே இன்னொருவர், "அதுக்கு எதுக்கு இவ்ளோ செலவு? பெங்களூர்ல ஸ்விஃப்ட் இஞ்சின் கிடைக்கும், தூக்கி வச்சிரலாம்" என்பார். டீசல் ஏற்றச் சொல்கிறவர், பழைய பலேனோ செடானின் 1.6 லிட்டர் இஞ்சினைப் பற்றி ஆசை ஆசையாகப் பேசுகிறவர், "காயலான் கடைக்குப் போட்டுட்டு வேற வண்டி வாங்குங்க" என்கிறவர் என்று வரிசை நீளும். இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. எல்லா வழியிலும் ஓடுகிற வண்டிகள் இருக்கின்றன. ஆனால் கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ வீட்டுக்கு ஒரே காராக அதை வைத்துக்கொண்டு, தினமும் ஓட்டி, ஆர்.சி. புதுப்பித்து, இன்ஷூரன்ஸ் கட்ட வேண்டியவருக்கு எது சரி என்று பார்த்தால் வரிசை சட்டென்று சுருங்கிவிடும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டியோடு வந்த பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் இஞ்சினின் முக்கிய உடம்பு) நன்றாக இருந்தால் அதையே போர் பண்ணி, அதாவது சிலிண்டர்களைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து, கட்டுவதுதான் முதல் வழி. பிளாக் போய்விட்டால், அதே வகை எஸ்டீம் இஞ்சினை ஒழுங்கான பில்லோடு வாங்கி வைப்பது இரண்டாவது. ஸ்விஃப்ட் இஞ்சின் மூன்றாவது இடம். அதுவும் முழுசாக ஏற்றுவதற்கு இல்லை, உதிரி பாகமாகப் பயன்படுத்திக்கொள்வதற்கு. பலேனோவும் டீசலும் பயணத்துக்கு வைத்திருக்கும் வண்டிக்கு வேண்டாம். இந்த வரிசைக்கான காரணங்களில் பாதி இரும்பில் இருக்கிறது, மீதி வயரிங்கிலும் காகிதத்திலும் இருக்கிறது.

முதலில் இந்த இஞ்சினின் சொந்தபந்தங்களைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் எது எதற்குப் பொருந்தும் என்பது அங்கேதான் இருக்கிறது. 1990-இல் மாருதி 1000 வந்தது, 970 சிசி. 1994-இல் அதே உடம்பில் 1298 சிசி இஞ்சினை வைத்து எஸ்டீம் வந்தது. ஆரம்பத்தில் கார்புரேட்டர், 8 வால்வு, 65 குதிரைத்திறன். 2000-ஐ ஒட்டி 16 வால்வு, எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியாகப் பெட்ரோல் பீய்ச்சும் முறை), 85 குதிரைத்திறன். 2007 வாக்கில் உற்பத்தி நின்றது. இந்த 1298 சிசி இஞ்சின் சுசுகியின் ஜி13 வகை. சிலிண்டர் விட்டம் 74 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 75.5. ஜிப்ஸி கிங், வெர்சா, 2005 முதல் 2010 வரை வந்த பெட்ரோல் ஸ்விஃப்ட், 2008-இல் வந்த முதல் டிசையர் எல்லாம் இதே அளவு. அதனால்தான் எஸ்டீம் நின்று இத்தனை வருஷம் ஆகியும் அதன் உள்பாகங்கள் கடைகளில் கிடைக்கின்றன. குறிப்பாக ஜிப்ஸிக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ராணுவத்திலும் போலீசிலும் அவ்வளவு வண்டிகள் ஓடியதால் பிஸ்டன், ரிங், பேரிங், வால்வு, கேஸ்கெட் செட் எதற்கும் இன்னும் தட்டுப்பாடு இல்லை.

பங்காளிகளும் உண்டு. பழைய ஜென்னின் 993 சிசி இஞ்சினும் ஜி வகைதான், ஆனால் விட்டம் 72, ஸ்ட்ரோக் 61. ஈக்கோவின் 1196 சிசி-யில் ஸ்ட்ரோக் எஸ்டீமுக்கு உள்ள அதே 75.5, விட்டம் மட்டும் 71. பலேனோவின் 1590 சிசி-க்கு விட்டம் 75, ஸ்ட்ரோக் 90. வெளியே இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே ஜாடை. கவுன்டரில் "மாருதி ஜி இஞ்சின் பிஸ்டன்" என்று கேட்டு வாங்கி வந்தால் லேத்தில் போய்த்தான் அசடு வழிய வேண்டியிருக்கும். வண்டியின் பெயர், வருஷம், எத்தனை வால்வு, கார்புரேட்டரா எம்.பி.எஃப்.ஐ.யா என்று நான்கையும் சொல்லிக் கேட்க வேண்டும். 8 வால்வு பிஸ்டனும் 16 வால்வு பிஸ்டனும் விட்டத்தில் ஒன்றாக இருந்தாலும் தலைப்பகுதி வேறு. இதை மாற்றிப் போட்டால் கம்ப்ரஷன் கணக்கே தவறிவிடும்.

பொருந்தும் என்பதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஜிப்ஸியிலும் வெர்சாவிலும் இஞ்சின் நீளவாக்கில் உட்கார்ந்து பின்சக்கரத்தை ஓட்டுகிறது. எஸ்டீமில் குறுக்குவாட்டில் உட்கார்ந்து முன்சக்கரத்தை ஓட்டுகிறது. ஆகவே உள்ளே இருக்கிற சாமான்கள் பகிர்ந்துகொள்ளலாம். வெளியே தொங்குகிறவை, அதாவது ஆயில் சம்ப், ஆயில் உறிஞ்சும் குழாய், இன்டேக் மேனிஃபோல்ட், மவுண்டிங் பிராக்கெட், தண்ணீர்க் குழாய்கள் எல்லாம் எஸ்டீமிலிருந்தே வர வேண்டும். ஜிப்ஸி இஞ்சின் சல்லிசாகக் கிடைக்கிறதே என்று முழுசாக வாங்குகிறவர், தன் பழைய இஞ்சினைப் பாதி பிரித்து அதில் மாட்ட வேண்டிவரும். அதற்குப் பழைய இஞ்சினின் அந்தப் பாகங்கள் நல்ல நிலையில் இருக்க வேண்டும். இதையெல்லாம் விலை பேசும்போது யாரும் சொல்வதில்லை.

சரி, இஞ்சின் உண்மையிலேயே போய்விட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இங்கேதான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, இஞ்சின் சூடாக இருக்கும்போதே, சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தைக் காட்டும் கம்ப்ரஷன் கேஜ் வைத்து, ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். ஆரோக்கியமான ஜி13 சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 14 கிலோ காட்டும். 12-க்குக் கீழே போனால் வேலை இருக்கிறது. ஒரு சிலிண்டருக்கும் இன்னொன்றுக்கும் ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. குறைவாகக் காட்டிய சிலிண்டரில் ஒரு கரண்டி இஞ்சின் ஆயிலைப் பிளக் ஓட்டை வழியாக ஊற்றி மறுபடி பாருங்கள். அழுத்தம் சட்டென்று ஏறினால் ரிங்கும் சிலிண்டர் சுவரும் தேய்ந்திருக்கின்றன. ஏறவே இல்லை என்றால் வால்வு உட்காரவில்லை. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் ஒன்றாகக் குறைந்திருந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் (பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையில் இருக்கும் தகடு) போயிருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒரு வீச்சு நீலப் புகை வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு ஆயில் சீல்தான். அதற்காக இஞ்சினையே மாற்றச் சொல்கிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

பாலக்கோட்டில் தக்காளி வியாபாரம் செய்யும் என் மாமாவிடம் 2003 மாடல் எஸ்டீம் ஒன்று இருக்கிறது. போன வருஷம் அவர் வண்டி தொப்பூர் ஏற்றத்தில் திணற ஆரம்பித்தது. சேலத்திலிருந்து திரும்பும்போது மூன்றாவது கியரில் ஏறிக்கொண்டிருந்தது, இரண்டுக்கு இறங்கியது. வெப்பமானி முள்ளும் மேலே போனது. ஸ்விஃப்ட் இஞ்சினுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் நிலைக்குப் போய்விட்டார். கேஜ் வைத்துப் பார்த்ததில் இரண்டு சிலிண்டர் 13-க்கு மேல் இருந்தது, நடுவில் இரண்டு 10-ஐத் தொடவில்லை. ஹெட்டைக் கழற்றியபோது நடுவில் கேஸ்கெட் கரிந்திருந்தது. தண்ணீர் போகும் துளைகளில் வெள்ளையாகக் காரை பிடித்து, ஒரு துளை முக்கால்வாசி அடைத்திருந்தது. இஞ்சின் ஏன் சூடானது என்பதற்கான பதில் அந்த வெள்ளைக் காரையில்தான் இருந்தது.

நம் இரண்டு மாவட்டத்துக்கும் இது தனிப் பிரச்சினை. போர்வெல் தண்ணீர் இங்கே பல ஊர்களில் கடின நீர், பாத்திரத்தில் உப்புப் படிவதை வீட்டில் தினமும் பார்க்கிறோம். குடிநீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. வீட்டுக்குக் காவிரித் தண்ணீர் வந்துவிட்டது, ரேடியேட்டருக்கு மட்டும் இன்னும் தோட்டத்துப் போர்வெல் தண்ணீரையே ஊற்றுகிறோம். ஜி13 இஞ்சினுக்கு பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம். உப்புத் தண்ணீரில் அலுமினியம் அரிக்கும், காரை பிடிக்கும். ஒரு இடம் சூடேறினால் ஹெட் வளையும். வளைவு 0.05 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஃபேசிங் போட்டாக வேண்டும், அதாவது முகப்பைச் சமமாகக் கடைந்தாக வேண்டும். எந்த இஞ்சினை வைத்தாலும் இந்தப் பழக்கம் மாறாவிட்டால் இரண்டு வருஷத்தில் மறுபடி இதே இடத்தில் வந்து நிற்போம். டிஸ்டில்ட் வாட்டரில் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ஃபேன் சுவிட்ச் நான்கையும் இஞ்சின் வேலையோடு சேர்த்தே பார்த்துவிடுங்கள்.

இப்போது ஒவ்வொரு வழியாக வருகிறேன்.

சொந்த இஞ்சினை ரீபோர் செய்வது. இதில் செலவு முழுக்க நம் கண்முன்னால் நடக்கிறது என்பதுதான் பெரிய பலம். சுசுகி இந்த இஞ்சினுக்கு 0.25, 0.50 என்று இரண்டு ஓவர்சைஸ் பிஸ்டன் வைத்திருக்கிறது. லேத்துக்குப் போகும் முன் பிஸ்டனைக் கையில் வாங்கிவிட வேண்டும். பிஸ்டனை அளந்த பிறகுதான் போர் செய்ய வேண்டும், அதற்கும் சுவருக்கும் நடுவில் விடும் இடைவெளி 0.02 முதல் 0.04 மில்லிமீட்டர்தான். "போர் பண்ணி வைக்கிறேன், பிஸ்டன் அப்புறம் வாங்கிக்கலாம்" என்கிற லேத்தை விட்டுவிடுங்கள். இந்த விஷயத்தில் நமக்கு ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது. ஓசூர் சிப்காட்டைச் சுற்றி வளர்ந்த சின்னச் சின்னப் பட்டறைகளில் மைக்ரானில் வேலை பார்த்துப் பழகிய கைகள் இருக்கின்றன. கிராங்க் கிரைண்டிங், ஹோனிங், ஹெட் ஃபேசிங் எல்லாவற்றுக்கும் சென்னை வரை போகத் தேவையில்லை. டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், கிராங்கின் இரண்டு பக்க ஆயில் சீல், கிளட்ச் பிளேட் எல்லாவற்றையும் இஞ்சின் இறங்கியிருக்கும்போதே மாற்றிவிட வேண்டும். பிறகு ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கூலி கொடுப்பது வீண்.

அதோடு ஒன்று. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அதைத் தாங்கும்படி கார்களைத் தயாரிக்க ஆரம்பித்ததே 2023-ஐ ஒட்டித்தான். எஸ்டீமில் இருக்கும் ரப்பர் பெட்ரோல் குழாய்களும் கார்புரேட்டர் டயஃப்ரமும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. டாங்கிலிருந்து இஞ்சின் வரை எல்லா ரப்பர் ஹோஸையும் எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றிவிடுங்கள். சின்னச் செலவு, ஆனால் தீப்பிடிக்கிற விஷயம்.

ரீபோரின் குறை என்ன? நல்ல கையில் கொடுத்தால் மட்டுமே பலன். முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் கையளவில் ஹெட் போல்ட் முறுக்குகிற இடத்தில் அலுமினிய மரை பிய்ந்துவிடும். பிளாக்கில் விரிசல் இருந்தால், ஏற்கெனவே 0.50 போர் ஆகியிருந்தால், இந்த வழி அடைபட்டது. ஸ்லீவ் (சிலிண்டருக்குள் செருகும் குழாய்) போட்டுக் காப்பாற்ற முடியும், ஆனால் அலுமினிய பிளாக்கில் ஸ்லீவ் வேலையை நன்றாகச் செய்கிறவர்கள் குறைவு. மாமாவின் வண்டிக்கு ஹெட் ஃபேசிங்கோடு முடிந்துவிடும் என்று நினைத்தோம். சிலிண்டர் சுவரில் நீளக் கீறல் இருந்ததால் 0.25 போர் செய்ய வேண்டிவந்தது.

அடுத்து, அதே எஸ்டீமின் செகண்ட் ஹேண்ட் இஞ்சின். கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் பெங்களூர் சுமார் 90 கிலோமீட்டர்தான். பழைய சாமான்களுக்கு சிவாஜி நகர், புதிய சாமான்களுக்கு ஜே.சி. ரோடு. சென்னை புதுப்பேட்டை தூரம், ஆனால் தேர்வு அங்கே அதிகம். இரண்டு நாளில் வண்டி ரோட்டுக்கு வந்துவிடும் என்பது இதன் கவர்ச்சி. ஆபத்து என்னவென்றால், அந்த இஞ்சின் எதற்காக வண்டியிலிருந்து இறங்கியது என்று நமக்குத் தெரியாது. விபத்தில் பின்பக்கம் நசுங்கிய வண்டியின் இஞ்சின் என்றால் யோகம். சூடேறி விட்டுவிட்ட இஞ்சின் என்றால் நம்முடையதைவிட மோசம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் எத்தனை என்று நினைத்துப் பாருங்கள். அவற்றின் இஞ்சின்களும் சந்தைக்கு வந்திருக்கும்தானே.

எனவே வாங்கும் இடத்திலேயே சில வேலைகளைச் செய்யுங்கள். ஆயில் மூடியைத் திறந்து அடியில் பாருங்கள். பால் ஆடை மாதிரி வெளுத்த படலம் இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. டைமிங் பெல்ட் கவரைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே மூலையில் மெல்லிய வண்டல் மண் படிந்திருந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டி, எவ்வளவு மலிவு என்றாலும் வேண்டாம். பிளாக்கின் பக்கவாட்டில் வட்டமாக இருக்கும் கோர் பிளக்குகளைச் சுற்றித் துரு வழிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் புது சிலிகான் பிதுங்கியிருந்தால் சந்தேகப்படுங்கள், அங்கே வர வேண்டியது கேஸ்கெட் மட்டும்தான். பிளக்குகளைக் கழற்றிவிட்டு கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். ஒரே சீராகச் சுற்ற வேண்டும். பேட்டரியும் ஸ்டார்ட்டரும் வைத்து கம்ப்ரஷன் காட்டச் சொன்னால் நேர்மையான வியாபாரி மறுக்க மாட்டார். கடைசியாக, இஞ்சின் நம்பர் செதுக்கிய இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். அரம் போட்டது, மறுபடி குத்தியது, பெயின்ட் அடித்து மறைத்தது என்று எது தெரிந்தாலும் அட்வான்ஸ் கேட்கும் முன் கிளம்பி வந்துவிடுங்கள். அது திருட்டு வண்டியின் இஞ்சினாக இருக்கலாம்.

ஸ்விஃப்ட் இஞ்சின் பற்றித்தான் இப்போது அதிகப் பேச்சு. காரணமும் இருக்கிறது. 1298 சிசி, 16 வால்வு, எஸ்டீம் போலவே குறுக்குவாட்டு அமைப்பு, வயதில் இளையது, திறன் 87. ஆனால் அந்த இஞ்சினை முழுசாக, அதன் ஈசியூ (இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), வயரிங், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசரோடு எஸ்டீமில் ஏற்றுவது பெரிய வேலை. ஈசியூவுக்குத் தெரிய வேண்டிய செய்திகள் அந்த வண்டியின் மற்ற பாகங்களிலிருந்தும் வருகின்றன. ஒரு வயர் கிடைக்கவில்லை என்றால் இஞ்சின் லைட் எரிந்துகொண்டே இருக்கும், ஐடிலிங் ஏறி இறங்கும். கிருஷ்ணகிரியில் நல்ல மெக்கானிக்குகள் இருக்கிறார்கள், ஆனால் இரண்டு காரின் வயரிங் வரைபடத்தையும் வைத்துக்கொண்டு பொறுமையாகச் சேர்க்கிற கார் எலக்ட்ரீஷியன் கிடைப்பது கஷ்டம். அவர் கிடைத்தாலும், ஆறு மாதம் கழித்து ஊத்தங்கரை பக்கம் நடுவழியில் நின்றால் அங்கே பார்க்கிறவருக்கு அந்த வயரிங் புரியாது.

புத்திசாலித்தனமான வழி வேறு. ஸ்விஃப்டின் உள் இஞ்சினை மட்டும் எடுத்து, எஸ்டீமின் சொந்த மேனிஃபோல்ட், சென்சார், த்ராட்டில், ஈசியூ, மவுண்டிங் எல்லாவற்றையும் அதில் மாற்றி மாட்டுவது. அப்போது வண்டிக்குத் தன் பழைய மூளையே இருக்கிறது, தசை மட்டும் புதியது. அப்படிச் செய்ய நினைத்தால் இரண்டு இஞ்சினையும் தரையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பிறகே பணத்தைக் கொடுங்கள். கியர்பாக்ஸ் ஒட்டும் முகப்பின் போல்ட் துளைகள், ஃப்ளைவீல், கிராங்க் சென்சாரும் கேம் சென்சாரும் உட்காரும் இடம், அவை படிக்கும் பல்சக்கரத்தின் பற்கள், ஆயில் ஃபில்டர் திரும்பியிருக்கும் பக்கம், மவுண்டிங் துளைகள் என ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சென்சாரின் பல் எண்ணிக்கை மாறினால் எஸ்டீம் ஈசியூ ஸ்பார்க் கொடுக்க வேண்டிய நேரத்தையே தவறவிடும். எல்லாம் ஒத்துவந்தால் இது நல்ல வழி. ஒன்றிரண்டு ஒத்துவரவில்லை என்றால் வெல்டிங் வைத்துச் சரிசெய்யலாம் என்று யாராவது சொல்வார்கள். மவுண்டிங்கில் வெல்டிங் வேண்டவே வேண்டாம். இஞ்சின் நடுக்கம் முழுக்க அந்த ஒரு இடத்தில் போய் விழும்.

பலேனோ 1.6 பற்றி எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. எஸ்டீம் 900 கிலோவுக்கும் குறைந்த எடையுள்ள வண்டி. அதில் 94 குதிரைத்திறன், அதைவிட முக்கியமாக நீண்ட ஸ்ட்ரோக் தரும் இழுவை கிடைத்தால் சூளகிரி ஏற்றமெல்லாம் சமதரை போலிருக்கும். ரேலி ஓட்டுகிறவர்கள் எஸ்டீமை விரும்பியதும் இந்த எடைக்காகத்தான். ஆனால் 85-க்கும் 94-க்கும் நடுவே இருக்கிற ஒன்பது குதிரைக்காக என்னென்ன மாற வேண்டும் என்று பாருங்கள். ஸ்ட்ரோக் 90 என்பதால் பிளாக் உயரம், பானெட் இடிக்காமல் இறக்கி உட்கார வைக்க மவுண்டிங் மாற்ற வேண்டும். ரேடியேட்டர் பெரிதாக வேண்டும், டிரைவ் ஷாஃப்ட் கூடுதல் முறுக்கத்தைத் தாங்க வேண்டும், பிரேக்கும் அதற்கேற்ப இருக்க வேண்டும். தருமபுரியிலிருந்து தொப்பூர் இறக்கத்தில் எத்தனை விபத்து நடக்கிறது என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பழைய பிரேக்கோடு கூடுதல் வேகம் அந்த ரோட்டுக்கு ஆகாது. பலேனோவே 2007-இல் நின்றுபோன, குறைவாக விற்ற வண்டி. அதன் நல்ல இஞ்சின் கிடைப்பதே அரிது. இன்ஷூரன்ஸ் கணக்கும் உண்டு. 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 1000 முதல் 1500 சிசி வரையுள்ள காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் 3,416 ரூபாய், 1500-ஐத் தாண்டினால் 7,897. ஒவ்வொரு வருஷமும்.

டீசலைச் சுருக்கமாக முடித்துவிடலாம். எஸ்டீமிலேயே பெஜோவின் 1527 சிசி டீசல் இஞ்சினோடு ஒரு மாடல் வந்தது. அதன் சாமான் இன்று கிடைப்பது குதிரைக்கொம்பு. ஸ்விஃப்டின் 1248 சிசி காமன் ரெயில் டீசலை ஏற்றுகிறவர்கள் டாங்க், ஃபியூல் லைன், ஈசியூ, முன்பக்க சஸ்பென்ஷன் என்று பாதிக் காரை மாற்ற வேண்டும். பெட்ரோலுக்கும் டீசலுக்கும் முன்பு இருந்த விலை இடைவெளியும் இப்போது இல்லை.

காகிதம். நான் இத்தனை நேரம் இதற்குத்தான் வந்துகொண்டிருந்தேன், ஏனென்றால் மெக்கானிக் கடையில் இது கடைசியாகத்தான் பேசப்படும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரித்த நிறுவனம் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதியாகச் சொன்னது. அதே வருஷம் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் சொந்தக்காரருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்துவிட்டது. 1298 சிசி பெட்ரோல் என்று எழுதிய ஆர்.சி.யில் 1590 சிசியோ டீசலோ எப்படி உட்காரும்? அதே வகை இஞ்சினை வைத்தாலும் நம்பர் மாறுகிறது, எனவே ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் நம்பரை மாற்றியாக வேண்டும். மாற்றம் செய்த 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம்.

கடைசியாக வந்த எஸ்டீம்கூட இப்போது 15 வருஷத்தைத் தாண்டிவிட்டது, ஆகவே எல்லா எஸ்டீமும் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பதிவு புதுப்பிக்கப் போயாக வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து அதற்குக் கட்டணம் 5,000 ரூபாய். 20 வருஷம் தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். பச்சை வரி தனி. அந்த நாளில் கிருஷ்ணகிரி டி.என். 24 ஆனாலும், தருமபுரி டி.என். 29 ஆனாலும், ஓசூர் டி.என். 70 ஆனாலும் பிரேக் இன்ஸ்பெக்டர் பானெட்டைத் திறந்து நம்பரைப் பார்ப்பார். ஒத்துவரவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்கும். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் சர்வேயரும் அதே நம்பரைத்தான் முதலில் தேடுவார். அதனால் இஞ்சின் வாங்குவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்துவிடுங்கள். விற்கிறவர் பில் தர மாட்டேன் என்றால் அந்த இஞ்சினின் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது உங்களுக்கு உதவாது. சொந்த பிளாக்கை ரீபோர் செய்கிறவருக்கு இந்தத் தலைவலி எதுவுமே இல்லை. நான் அதை முதலில் வைப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

கார்புரேட்டர் எஸ்டீம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி வார்த்தை. எம்.பி.எஃப்.ஐ. இஞ்சினை அதில் ஏற்றினால் நன்றாக இருக்குமே என்று தோன்றும். அதற்கு டாங்க் உள்ளே பம்ப், திரும்பிவரும் பெட்ரோல் லைன், ஈசியூ, முழு வயரிங், ஆக்சிஜன் சென்சாரோடு சைலன்சர் எல்லாம் வேண்டும். தனித்தனியாக வாங்கினால் கட்டுப்படியாகாது. பாடி அழுகிப்போன ஒரு எம்.பி.எஃப்.ஐ. எஸ்டீமை முழுசாக வாங்கினால்தான் இது சாத்தியம். அந்த வண்டியிலிருந்து கதவுக் கண்ணாடி, பின்விளக்கு, டாஷ்போர்டு என்று இப்போது கிடைக்காத சாமான்களும் கூடவே வரும். நம்பர் மாற்றும் வேலை இதற்கும் உண்டு. கார்புரேட்டரையே நல்லபடியாகச் சர்வீஸ் செய்து, 8 வால்வு இஞ்சினைக் கட்டி ஓட்டுவதில் எனக்குக் குறை தெரியவில்லை. மெதுவான வேகத்தில் அதன் இழுவை நன்றாகவே இருக்கும், பென்னாகரம், அஞ்செட்டி பக்கத்து ரோடுகளுக்கு அது போதும்.

மற்ற பழைய செடான் வைத்திருப்பவர்களும் இதே கேள்வியைக் கேட்பார்கள். ஹூண்டாய் ஆக்சென்ட் என்றால் கம்பெனி இங்கே இருக்கிறது, வேலை ஏறக்குறைய இதே மாதிரிதான். ஃபோர்டு 2021-இல் இங்கே கார் தயாரிப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 2017 கடைசியில் விற்பனையை நிறுத்தியது. ஐகான், கோர்சா வைத்திருப்பவர்கள் இஞ்சினைத் திறக்கும் முன்பே கேஸ்கெட் செட்டும் ரிங்கும் கையில் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். திறந்து போட்ட இஞ்சினோடு மாதக்கணக்கில் காத்திருக்கிற வண்டிகள் அந்த ரகம்தான்.

ரீபோர் முடிந்து வண்டி வெளியே வந்ததும் முதல் 1000 கிலோமீட்டர் வரை அவசரப்பட வேண்டாம். ஒரே வேகத்தில் நான்குவழிச் சாலையில் மணிக்கணக்காக ஓட்டக் கூடாது. கியரை மாற்றி மாற்றி, வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டினால்தான் புது ரிங் சுவரோடு சேர்ந்து உட்காரும். ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு தொப்பூர் ஏற்றமோ ஓசூர் ஏற்றமோ இப்போதைக்கு வேண்டாம். முதல் ஆயிலை 500 கிலோமீட்டரிலேயே இறக்கிவிடுங்கள். அதில் வெள்ளிப் பொடி மாதிரி மின்னுவது சாதாரணம், துணுக்குத் துணுக்காக வந்தால் மட்டும் லேத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். மாமாவின் வண்டியில் அப்படி எதுவும் வரவில்லை. 500-க்குப் பிறகு கம்ப்ரஷன் மறுபடி பார்த்ததில் நான்கு சிலிண்டரும் 13-க்கு மேலே, ஒன்றுக்கொன்று அரைக் கிலோ வித்தியாசத்துக்குள் இருந்தது. ரேடியேட்டரில் இப்போது பச்சைக் கூலன்ட் இருக்கிறது, டிக்கியில் டிஸ்டில்ட் வாட்டர் கேன் ஒன்று எப்போதும் இருக்கிறது.